நட்டஈடு யாருடைய கடன்?

மலையகத்தில் ஒரு தொழிலாளிக்கு வேலைத்தளத்தில் விபத்து நேர்ந்தால், அதற்குப் பிறகு நடப்பதை நம்மவர்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்: உதவி. தோட்டம் உதவி செய்தது, துரை உதவி செய்தார், சங்கம் உதவி செய்தது, கடை முதலாளி ஒரு மூட்டை அரிசி கொடுத்து உதவினார். சட்டத்தில் இருக்கும் சொல் வேறு. அது நட்டஈடு என்கிறது. உதவி கொடுப்பவரின் மனதில் பிறப்பது. அவர் கொடுக்காவிட்டால் மனம் வருந்தலாம், வழக்கு வைக்க முடியாது. நட்டஈடு கடன். வாங்குகிறவர் நன்றி சொல்ல வேண்டியதில்லை, கொடுக்கிறவர் பெருமை கொள்ளவும் முடியாது. இந்த இரண்டு சொற்களில் எதை நாம் உண்மையில் நம்புகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி. தோட்டக் கம்பனிகளை மட்டும் நோக்கி இதைக் கேட்கவில்லை. மலைநாட்டுக் கடைவீதிகளில் நாலு பேருக்கு வேலை கொடுத்து வாழும் நம் சமூகத்தையும் நோக்கித்தான் கேட்கிறேன்.

உடப்புசல்லாவை நுவரெலியாவுக்குக் கிழக்கே, வடகிழக்குப் பருவ மழை வந்து மோதும் பக்கத்தில் இருக்கிறது. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களில் ஒன்றாக வியாபாரிகள் அதைத் தனியே எண்ணுகிறார்கள். அந்தத் தேயிலைக்கென்று ஒரு நிறமும் மணமும் உண்டு என்பார்கள். அந்த மணத்தின் பின்னால் இருக்கும் ஆபத்துகள் அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கொழுந்து மலையில் நிழல் மரத்திலும் பாறை இடுக்கிலும் கூடு கட்டியிருக்கும் குளவி. கான் வெட்டும்போது சரியும் மண். மழையில் வழுக்கும் கற்படிகளில் கொழுந்துக் கூடையோடு இறங்கும் பெண்ணின் கால். கவ்வாத்துக் கத்தி. ஸ்டோரில் கொழுந்தை அரைக்கும் ரோலர், அதைச் சுற்றும் பெல்ட். இவற்றில் எதுவும் புதியதல்ல. குளவிக் கொட்டுக்கு ஆளான தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்ட செய்தியை நம் பத்திரிகைகள் எத்தனை தடவை அச்சிட்டிருக்கின்றன! எழுத்துக்களை மாற்றாமல் தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்னும் அளவுக்கு அந்தச் செய்தி பழகிப் போய்விட்டது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமாகும். வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த விபத்தில் வேலையாள் காயமடைந்தால் அல்லது இறந்தால் தொழில்தருநர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொழில்தருநர் தவறு செய்தாரா இல்லையா என்று அது முதலில் கேட்பதில்லை. இயந்திரம் நல்ல நிலையில் இருந்தது, மேற்பார்வையாளர் கவனமாக இருந்தார், எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றாலும் பொறுப்பு பொறுப்புத்தான். மறுக்கப்பட்டால் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம். உச்சத் தொகை 2005 திருத்தத்தில் 5,50,000 ரூபாவாகவும், 2022 திருத்தத்தில் 20 இலட்சம் ரூபாவாகவும் உயர்ந்தது. வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் 2022 திருத்தம் உள்ளே கொண்டு வந்தது. சட்டம் சுமத்துவது பொறுப்பை. காப்புறுதி அந்தப் பொறுப்பைத் தாங்குவதற்காகத் தொழில்தருநர் எடுத்துக்கொள்ளும் வழி. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

தவறு செய்யாதவர் ஏன் கொடுக்க வேண்டும்? இது எளிதாகப் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியல்ல. இந்தச் சட்டத்தை நமக்குத் தந்த ஆங்கிலேயரே நெடுங்காலம் இதை ஏற்கவில்லை. இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக்கடைக்காரரின் வேலையாள், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடையெலும்பு முறிந்தார். பிறீஸ்ற்லி எதிர் பவுலர் என்ற அந்த வழக்கில் ஜூரிகள் அவருக்கு 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். 1837 இல் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆபத்தென்று கண்டால் வேலையாள் அந்த வேலையை மறுத்திருக்கலாம் என்பதும், எஜமான்களைப் பொறுப்பாக்கத் தொடங்கினால் அதற்கு எல்லையே இராது என்பதும் நீதிபதிகளின் எண்ணம். அந்த எண்ணம் தொழிற்சாலைகளையும் சுரங்கங்களையும் அறுபது ஆண்டுகள் ஆண்டது. ஜேர்மனியில் பிஸ்மார்க் 1884 இல் விபத்துக் காப்புறுதியைச் சட்டமாக்கினார். பிரித்தானியா 1897 இல்தான் தவறு கேளாத நட்டஈட்டை ஏற்றது. விவசாயத் தொழிலாளருக்கும் அது வேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1921 இல் ஒரு சமவாயம் செய்தது. இந்தியாவில் 1923 இலும் இலங்கையில் 1934 இலும் சட்டம் வந்தது.

இந்த மாற்றத்துக்கு இரக்கம் மட்டும் காரணமல்ல. பார்வையும் மாறியது. ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் நேரும் விபத்து தற்செயல். ஆயிரம் பேர் இருபது வருடம் ஒரு தொழிலைச் செய்தால் அவர்களில் சிலர் காயப்படுவது தற்செயலல்ல. யார் என்பது மட்டும்தான் தெரியாது. பத்தாம் நம்பர் மலையில் இந்த வருடம் குளவி யாரைக் கொட்டும் என்று எவராலும் சொல்ல முடியாது. எவரையேனும் கொட்டும் என்பதைக் கங்காணியும் அறிவார், கணக்கப்பிள்ளையும் அறிவார், கொழும்பில் இருந்து கணக்குப் பார்ப்பவரும் அறிவார். அப்படியானால் அந்தக் காயம் தேயிலையின் உற்பத்திச் செலவில் ஒரு பகுதி. உரத்துக்கும் விறகுக்கும் மின்சாரத்துக்கும் செலவு எழுதுவதைப் போல அதற்கும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அந்தச் செலவு மறைந்துவிடாது. லயத்தில் ஒரு காம்பராவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும் ஒரு பையன்தான் அதைக் கட்டித் தீர்ப்பான்.

இந்த வாதம் உலகியல் வாதம். நம் மார்க்கம் இதை ஏற்கிறதா? இங்கேதான் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய ஒரு தடை இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு ஹதீஸில் விலங்கினால் நேரும் காயத்துக்கும், கிணற்றுக்கும், சுரங்கத்துக்கும் ஈடு இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் தீர்த்திருக்கிறார்கள். அரபியில் ஜுபார் என்ற சொல் வருகிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விளக்கவுரை, சுரங்கத்தில் வேலை செய்யக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் மண் சரிந்து இறந்தாலும் அமர்த்தியவர் மீது ஈடு இல்லை என்கிறது. நமது மத்ரஸாக்களில் பெரிதும் மதிக்கப்படும் ஷாபிஈ இமாம் அவர். தோட்டத்து ஆபத்துகளை இந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளவியும் சிறுத்தையும் வாயில்லா உயிர்கள். கான் வெட்டில் சரியும் மண் கிணற்றையும் சுரங்கத்தையும் போன்றது. ஆக, வெள்ளைக்காரன் சட்டம் கொடு என்கிறது, ஹதீஸ் கொடுக்கத் தேவையில்லை என்கிறது என்று ஒருவர் வாதிடலாம். அப்படி வாதிடுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

அந்த ஹதீஸ் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஓர் உயிர் போய்விட்டது. கொலைக்கு ஈடான தியத்தை யார் மீது சுமத்துவது என்பதுதான் அங்கு கேள்வி. கிணறு வெட்டியவனைக் கொலைகாரனாக்காதே, கட்டவிழ்ந்த மாட்டின் சொந்தக்காரனைக் குற்றவாளியாக்காதே என்பது பதில். பழிக்குப் பழி என்று கோத்திரங்கள் அலைந்த ஒரு சமூகத்தில் அது எத்தனை பெரிய நீதி! ஆனால் குற்றவாளி இல்லை என்று சொல்வதும், நட்டத்தை விதவையே சுமக்கட்டும் என்று சொல்வதும் ஒன்றல்ல. கைபரில் அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) கொல்லப்பட்டுக் கிடந்தபோது கொன்றவர் யார் என்று நிறுவ முடியவில்லை. எவர் மீதும் தீர்ப்பளிக்க முடியாத அந்த நிலையில் நபி (ஸல்) அவர்கள் 100 ஒட்டகங்களைத் தாமே அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கச் செய்தார்கள். குற்றம் நிறுவப்படாத இடத்திலும் இழப்பு குடும்பத்தின் தலையிலேயே கிடக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன முன்மாதிரி வேண்டும்?

இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. ஒருவர் ஓர் அடிமையை வாங்கிச் சில காலம் வேலை வாங்கினார். பிறகு குறை கண்டு திருப்பிக் கொடுத்தார். இடைக்காலத்து வருமானம் யாருக்கு என்ற வழக்கில், பொறுப்பைச் சுமந்தவருக்கே விளைச்சல் என்று தீர்ப்பானது. அல்கராஜ் பில் ளமான் என்ற அந்தச் சுருக்கமான விதி அபூதாவூதில் ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. 1876 இல் முடிவுற்ற உதுமானிய மஜல்லா அந்த விதியின் மறுபக்கத்தையும் ஒரு பிரிவாக எழுதி வைத்திருக்கிறது: ஆதாயத்தை எடுப்பவன் நட்டத்தையும் எடுக்க வேண்டும். தேயிலை ஏலத்தில் விற்ற பணம் யாருக்குப் போகிறதோ அவர்தான் அந்தத் தேயிலை உடைத்த கைக்கும் பொறுப்பு என்று இதிலிருந்து சொல்வதை வலிந்து பொருள் கொள்வதாக எவரும் சொல்ல முடியாது. ஜுபார் ஹதீஸ் குற்றத்தைப் பற்றிப் பேசுகிறது, இந்த விதி கணக்கைப் பற்றிப் பேசுகிறது. 1934 ஆம் ஆண்டுச் சட்டமும் கணக்கைப் பற்றித்தான் பேசுகிறது. எனவே மோதல் என்று நாம் நினைத்தது மோதலே அல்ல.

அந்த ஹதீஸில் அடிமை ஒருவர் வருவது எனக்கு ஒரு கசப்பான உண்மையையும் நினைவூட்டுகிறது. அடிமை இறந்தால் எஜமானுக்கு நட்டம். அவன் கொடுத்த விலை போயிற்று. அந்த நட்டத்துக்குப் பயந்தாவது அவனைக் காப்பான். சுதந்திரமான கூலியாள் இறந்தால் முதலாளிக்கு என்ன நட்டம்? செக்ரோலில் ஒரு பெயர் குறையும். அடுத்த பெரட்டில் இன்னொரு பெயர் ஏறும். சுதந்திரம் என்ற பெயரில் மனிதனிடம் அவனுடைய உடலைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அந்த உடலின் ஆபத்தையும் அவனிடமே தள்ளிவிட்டார்கள். நட்டஈட்டுச் சட்டம் அந்தத் தள்ளுதலைத் தடுக்க வந்தது. சுதந்திர மனிதனின் கை அடிமையின் கையைவிட மலிவாக இருக்கக் கூடாது என்பது அதன் உள்ளுறை.

கையின் விலை என்றதும் சட்டத்தின் அட்டவணை நினைவுக்கு வருகிறது. ஒவ்வோர் உறுப்பின் இழப்பும் உழைக்கும் திறனில் எத்தனை வீதம் என்று அது வகுத்துச் சொல்கிறது. கட்டைவிரலுக்குச் சிறுவிரலைவிட அதிகம். வேலைக்குக் கட்டைவிரல்தானே முக்கியம். நம் பிக்ஹிலும் இப்படி ஓர் அட்டவணை உண்டு. முழு உயிருக்கு 100 ஒட்டகம், ஒரு கைக்கு 50. விரல்களுக்கு என்ன? இமாம் ஷாபிஈ (ரஹ்) தம் ரிஸாலாவில் ஒரு செய்தி சொல்கிறார். உமர் (ரலி) அவர்கள் விரல்களின் பயனைக் கருதிக் கட்டைவிரலுக்கு 15, அடுத்த இரண்டுக்கும் பத்துப் பத்து, மோதிர விரலுக்கு 9, சிறுவிரலுக்கு 6 என்று தீர்த்திருந்தார்கள். பிறகு அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) குடும்பத்தில் இருந்த நபியவர்களின் கடிதம் கிடைத்தது. அதில் ஒவ்வொரு விரலுக்கும் பத்து. மக்கள் அதையே பின்பற்றினார்கள்.

இதை வாசித்தபோது நான் நெடுநேரம் யோசித்தேன். உமர் (ரலி) அவர்களின் முதல் கணக்கு பகுத்தறிவுக்கு ஒத்ததுதான். 1934 ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. கொழுந்தைக் கிள்ளுவது கட்டைவிரலும் சுட்டுவிரலும், ஆகவே அவற்றுக்கு அதிகம் என்று கணக்குப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எல்லா விரலும் சமம் என்ற தீர்ப்பு வேறொன்றைச் சொல்கிறது. மனிதனின் விரல் அவன் செய்யும் வேலைக்காக மட்டும் இருக்கும் கருவியல்ல. சிறுவிரலைப் பிடித்துத்தான் குழந்தை நடக்கப் பழகுகிறது. நட்டஈடு உழைப்புத் திறனின் கணக்கோடு முடிந்துவிடக் கூடாது, ஒரு மனிதன் குறைபட்டான் என்ற ஒப்புதலும் அதில் இருக்க வேண்டும் என்று நான் இதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

இனி நம்மிடம் வருவோம். உடப்புசல்லாவையிலும் ராகலையிலும் வலப்பனையிலும் வெலிமடையிலும் நம்மவர்களின் கடைகள் இருக்கின்றன. பேக்கரியில் மா குழைக்கும் இயந்திரம் இருக்கிறது. இறைச்சிக் கடையில் எலும்பு வெட்டும் கத்தி இருக்கிறது. கெப்பெட்டிப்பொல பொருளாதார நிலையத்துக்கு மரக்கறி மூட்டை ஏற்றும் லொறி இருக்கிறது. வேலைக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள். கட்டளைச் சட்டம் ஆயிரம் ஏக்கர் கம்பனிக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. தொழில் அல்லது வியாபாரம் ஒன்றுக்காக ஒருவரை வேலைக்கு வைத்திருப்பவர் எவரோ அவருக்கு உரியது. கம்பனியாவது காப்புறுதிப் பத்திரம் ஒன்றை எடுத்து வைத்திருக்கும். நம் கடைகளில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? கேட்டால் கிடைக்கும் பதில்களில் ஒன்று, இன்சூரன்ஸ் ஹராம் என்பது. மற்றொன்று, அல்லாஹ் எழுதினதுதான் நடக்கும் என்பது.

முதல் பதிலை இலேசாக ஒதுக்க முடியாது. அறிஞர்கள் பேணுதலோடு எழுப்பிய ஆட்சேபம் அது. 1836 இல் மறைந்த டமஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் கப்பல் காப்புறுதி பற்றி எழுதி அதை ஏற்க மறுத்தார். 1985 இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய பிக்ஹு அகாதமி வணிகக் காப்புறுதி கூடாது என்று முடிவு செய்தது. ஆனால் அதே முடிவு, கூட்டுறவு அடிப்படையிலான பரஸ்பரக் காப்பை மாற்றாகக் காட்டியது. மலேசியா அதற்கு ஓராண்டு முன்னரே, 1984 இல், தக்காபுல் சட்டத்தைக் கொண்டு வந்திருந்தது. இலங்கையில் 1999 இல் அமானா தக்காபுல் தொடங்கியது. எனவே ஹராம் என்ற பதிலோடு நின்றுவிடுகிறவர் பாதிப் பத்வாவை மட்டும் வாசித்தவர். மறுபாதியையும் வாசித்திருந்தால் தக்காபுல் பத்திரமாவது அவருடைய மேசை லாச்சியில் இருக்கும்.

சிரிய அறிஞர் முஸ்தபா அஸ்ஸர்கா போன்றவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஆகிலா என்ற பழைய ஏற்பாட்டை எடுத்துக் காட்டினார்கள். ஒருவர் தவறுதலாக ஒரு மரணத்துக்குக் காரணமானால் தியத்தை அவர் தனியே கட்டுவதில்லை. அவருடைய தந்தை வழி உறவினர் பகிர்ந்து கட்டுவார்கள். உமர் (ரலி) அவர்கள் படைவீரர்களின் பெயர்ப் பதிவேடாகிய திவானை ஏற்படுத்தியபோது அந்தப் பொறுப்பைத் திவானில் ஒன்றாகப் பதியப்பட்டவர்கள் மீது ஆக்கினார்கள். ஹனபி மத்ஹபு இதையே பிடித்துக்கொண்டது. தொழிலால் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் மக்கள் இருப்பார்களானால் அந்தத் தொழில்காரர்களே அவர்களின் ஆகிலா என்னும் கருத்து ஹிதாயாவில் இருக்கிறது. நம்முடைய ஷாபிஈ மத்ஹபு உறவினரைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டின் நோக்கத்தில் கருத்து வேறுபாடு இல்லை. கொடுக்க வேண்டியவர் கொடுக்க முடியாமல் போய், பெற வேண்டியவர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. பொறுப்புக் காப்புறுதியும் இதே வேலையைத்தான் செய்கிறது. என் ஆயுளின் மீது நான் பந்தயம் கட்டுவதல்ல அது. நான் இன்னொருவருக்குப் படக்கூடிய கடனைப் பலரோடு சேர்ந்து முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது. திவானில் பெயர் இருந்தது போலச் செக்ரோலிலும் ஒரு பெயர் இருக்கிறது. கடையின் சம்பளப் புத்தகத்திலும் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்தான் கடனுக்குச் சாட்சி.

இரண்டாவது பதில் தவக்குலைப் பற்றியது. அல்லாஹ்வின் மீது பாரம் சாட்டுதல் உயர்ந்த குணம். அது யாருடைய பாரம் என்று மட்டும் கேட்க வேண்டும். என் கடை தீப்பிடித்தால் பொறுத்துக்கொள்வேன் என்று நான் சொன்னால் அது என் தவக்குல். என் பேக்கரியில் மா குழைக்கும் பையனின் கை போனால் அவன் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நான் சொன்னால் அதற்குத் தவக்குல் என்று பெயரில்லை. இன்னொருவன் கையைப் பணயம் வைத்து நான் பக்தனாக முடியாது. கூலிக்கு அமர்த்தி முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பது புகாரியில் வருகிறது. உடலையே கொடுத்துவிட்டவனுக்கு ஈடு கொடுக்காதவன் எந்த வரிசையில் நிற்பான் என்று அஞ்ச வேண்டாமா?

நாங்கள் கொடுக்காமலா இருக்கிறோம், ஸகாத்திலும் ஸதகாவிலும் கொடுக்கிறோமே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். நம் சமூகத்தின் ஈகையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கடனைக் கட்டாமல் ஸதகா கொடுப்பவரைப் பற்றி எந்த மௌலவியிடம் கேட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார். மேலும் இரண்டும் வாங்குபவரின் மனதில் வேறு வேறாக இறங்குகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் ஸ்டோர் ரோலரில் மூன்று விரல்களை இழந்த ஒருவரின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய கணவருக்கு ஏதோ ஒரு தொகை கிடைத்திருந்தது. அது போதுமா என்று கேட்டேன். தொகையைப் பற்றி அவர் பேசவில்லை. “குடுத்தாங்க நானா, வாங்கிக்கிட்டோம். கும்புட்டு வாங்கச் சொன்னாங்க பாருங்க, அதத்தான் மறக்க முடியல” என்றார். சட்டப்படி அவருடைய கணவருக்கு உரியதைத் தானமாகக் காட்டிக் கொடுத்தவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு மானத்தை எடுத்துக்கொண்டார்கள். சொல்லிக் காட்டி மனம் நோகச் செய்யும் தர்மம் பலனற்றுப் போகும் என்று குர்ஆன் எச்சரிப்பது தர்மத்தைப் பற்றி. கடனையே தர்மமாகச் சொல்லிக் காட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது?

இந்தக் கடன் எங்கே முடிகிறது என்பதும் ஒரு கேள்வி. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த இடம் அது. வேலையின் போது நேர்ந்த விபத்தல்ல என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த மக்கள் அந்தச் சரிவில் ஏன் குடியிருந்தார்கள்? தோட்டம் லயத்தை அங்கே கட்டியதால். இந்தியா தன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981 இலேயே ஒரு திருத்தம் செய்து, தொழில்தருநர் கொடுத்த வீடு இடிந்து நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் அவரைப் பொறுப்பாக்கியது. இருப்பிடமும் வேலையும் ஒரே கையில் இருக்கும் இடத்தில் பொறுப்பும் வாசலோடு நின்றுவிட முடியாது என்ற எளிய நியாயம் அது.

மறுபுறம் கடனைக் கைகழுவும் ஒரு வழியும் திறந்திருக்கிறது. நாட்சம்பளத்துக்குப் பதிலாகத் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை விலைக்கு வாங்கும் வருமானப் பங்கீட்டு முறையைப் பெருந்தோட்டக் கம்பனிகள் நெடுநாளாக முன்வைத்து வருகின்றன. அதில் நன்மைகள் இருக்கலாம். ஆனால் வேலையாள் என்ற பெயர் போய்ப் பங்காளி என்ற பெயர் வந்தால், குளவி கொட்டும் நாளில் அது யாருடைய செலவு? நம் பிக்ஹு கூலிக்கு உழைப்பவரையும் விளைச்சலில் பங்குக்கு உழைப்பவரையும் வெவ்வேறாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. பங்குக்கு உழைப்பவர் நட்டத்திலும் பங்கு கொள்வார், ஏனெனில் ஆதாயத்திலும் அவருக்கு உண்மையான பங்கு இருக்கிறது. விலையை ஒரு பக்கம் மட்டும் தீர்மானித்து, நிலத்தில் உரிமையும் கொடாமல், ஆபத்தை மட்டும் பங்கிட்டுக் கொடுப்பது மஜல்லாவின் விதியைத் தலைகீழாக்குவது. ஒப்பந்தத்தில் பெயரை மாற்றலாம். கையை இழந்தவன் யாருக்காக அந்தக் கையை நீட்டினான் என்பதை மாற்ற முடியாது.

நம் பள்ளிவாசல்களில் வியாபாரத்தின் ஒழுக்கங்கள் பற்றி நல்ல குத்பாக்கள் நடக்கின்றன. அளவை நிறுவையில் மோசடி கூடாது என்று கேட்டு வளர்ந்த சமூகம் நாம். வேலைக்கு நிற்கும் பையனின் பெயர் சம்பளப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, அவனுக்கு ஏதும் நேர்ந்தால் கொடுப்பதற்கு ஒரு தக்காபுல் பத்திரமோ ஒதுக்கி வைத்த பணமோ இருக்கிறதா என்ற கேள்வியும் அந்தக் குத்பாக்களில் ஒரு ஜும்ஆவுக்கு இடம் பெறலாம். அதற்குப் புதிய பத்வா எதுவும் வேண்டியதில்லை. ஆதாயம் எடுப்பவன் நட்டத்தையும் எடுக்க வேண்டும் என்ற பழைய விதி போதும். மலைநாட்டுத் தோட்டங்களைப் பார்த்து அநீதி என்று எழுதும் உரிமை, தன் கடையின் சம்பளப் புத்தகத்தைத் திறந்து காட்டக்கூடியவருக்கே முழுமையாக உண்டு.